அக்கா போட்ட பாட்டு

கொமினிகேஷன் அக்காவை அவசரத்துக்குப் போனில் பிடித்தவர்கள் கண்டியில் யாரும் இல்லை. நம்பரை அழுத்தினால் முதலில் மணியோசை வரும். பிறகு தவில், பிறகு நாதஸ்வரம், அதெல்லாம் ஓய்ந்த பிறகு பிள்ளையாரைக் கூப்பிடும் ஒரு கனத்த குரல். அந்தக் குரல் பல்லவியை ஒரு தடவை முழுதாகப் பாடி முடிக்கும்வரை அக்கா போனை எடுக்க மாட்டார். வேலையில் இருப்பதால் அல்ல. போன் அவர் கையில்தான் இருக்கும். துடித்துக்கொண்டிருக்கும் அதை உள்ளங்கையில் ஏந்தியபடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார். கூப்பிட்டவரின் காதில் இப்போது எந்த அடி ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். கடைசிச் சொல் முடிந்ததும் பட்டனை அழுத்தி, ஒன்றும் நடக்காததுபோல, "சொல்லுங்க," என்பார்.

ஒருமுறை கடைக்கு மேல்மாடியில் தண்ணீர்த் தாங்கி வெடித்து, போட்டோக் கொப்பி மெஷினுக்கு நேர்மேலே ஒழுகப் பார்த்தது. மாடிக்காரர் பதறிப்போய் அக்காவைக் கூப்பிட்டார். பிள்ளையார் பாடி முடித்து அக்கா "சொல்லுங்க" என்றபோது, மாடிக்காரர் படியிறங்கிக் கடைக்குள்ளேயே வந்து மூச்சிரைக்க நின்றார்.

"அவசரம்னா இப்பிடி நேர்ல வரணும். போன்ல வந்தா மொறையா வரணும்," என்றார் அக்கா, மெஷின் மேல் ரெக்சின் சீலையை இழுத்து மூடியபடி.

கண்டி பஸ் நிலையத்திலிருந்து சந்தைப் பக்கம் ஏறும் குறுக்குத் தெருவில் இருந்தது அந்தக் கொமினிகேஷன் கடை. அகலம் ஒரு ஆள் கை விரித்தால் முடிந்துவிடும். ஒரு போட்டோக் கொப்பி மெஷின், போன் கவர்கள் தொங்கும் ஒரு கண்ணாடி அலுமாரி, வருகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. போனுக்குக் காசு ரீலோட் போடுவது, கொப்பி எடுப்பது, காலர் டியூன் போட்டுக் கொடுப்பது, இவைதான் போர்டில் எழுதியிருந்த தொழில்கள். போர்டில் எழுதாத தொழில் கல்யாணம். இப்போது அந்த இடத்தில் செருப்பு விற்கிறார்கள். அக்கா திருச்சிப் பக்கம் தம்பி வீட்டோடு போய் இருந்துகொண்டார். அந்தத் தெருவில் எத்தனை போன்களில் இன்னும் அவர் போட்ட சாமிகள் பாடிக்கொண்டிருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது.

கல்யாணத் தொழில் அவரைத் தேடி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சாதகத்தைக் கொப்பி எடுக்க எல்லோரும் அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். காலையில் கம்பளையிலிருந்து ஒரு பெண்ணின் சாதகம் மெஷினுக்குள் போகும்; பின்னேரம் மாத்தளையிலிருந்து ஒரு பையனுடையது போகும். இரண்டும் ஒரே கண்ணாடியில் படுத்து எழும்பியவை, ஒன்றையொன்று பார்க்காமல் போய்விட்டனவே என்று அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. "நான் ஒரு கொப்பி கூடப் போட்டு வச்சுக்கட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்படித்தான் தொடங்கியது.

நான் முதன்முதலாகப் போனதும் அந்த வேலைக்குத்தான். முப்பதைத் தாண்டி, அதைப் பற்றி வீட்டில் சத்தமாகப் பேசாத வயது எனக்கு. பிஸ்கட் கம்பனி ஒன்றில் ரெப் வேலை. மோட்டார் சைக்கிளில் கம்பளை, அக்குறணை, மடுல்கெல்ல என்று கடை கடையாக ஏறி இறங்குவேன். கண்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தலைமுடி, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதுபோல ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

"யாருக்குத் தம்பி இது?" என்றார் அக்கா சாதகத்தைப் பார்த்து.

"எனக்குத்தான்."

"எத்தன கொப்பி?"

"பத்து."

"பத்தா? எலெக்சன் நோட்டீஸ் மாதிரி செவுத்துல ஒட்டப்போறீங்களா?"

என்னுடைய நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். உடனே என்னைக் கூப்பிட்டார், நான் எதிரே நிற்கும்போதே. போனைக் காதில் வைத்த அவர் முகம், பால் திரிந்த பானையைப் பார்ப்பதுபோல மாறியது.

"என்னா தம்பி இது. ட்ரிங் ட்ரிங்னு அடிக்குது."

"போன்னா அப்பிடித்தானே அக்கா அடிக்கும்."

"பொண்ணு வீட்டு ஆளுங்க இப்ப மொதல்ல வீட்டுக்கா வர்றாங்க? போனுக்குத்தான் வர்றாங்க. இதுதான் ஒங்க வாசல். வாசல்ல கோலமில்ல, மாவெல இல்ல, குலைக்க ஒரு நாய்கூட இல்ல. யாரு உள்ள வருவா?"

அன்றைக்கே என் போனைப் பிடுங்கி, ஏதோ நம்பர்களைத் தட்டி, ஒரு சாமியை உள்ளே குடிவைத்துத் திருப்பித் தந்தார். எந்தச் சாமி என்று கேட்டேன். சொல்லவில்லை. காலர் டியூனின் விசேஷமே அதுதானே. கூப்பிடுகிறவருக்குக் கேட்கும்; போனின் சொந்தக்காரனுக்குக் கேட்காது. வேறு போனிலிருந்து கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அதற்கும் அக்கா தடை போட்டிருந்தார்.

"சொந்த வீட்டு வாசல்ல நின்னு கதவத் தட்டுறவன ஊரு என்னா சொல்லும்? ஒங்க வாசல் எப்பிடி இருக்குன்னு வெளிய நிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அக்கா சொன்னதால் அடங்கியிருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை சோம்பேறித்தனம்.

அவர் பாட்டுப் போடும் விதம், வைத்தியர் மருந்து எழுதுவதைப் போன்றது. ஆளை மேலும் கீழும் பார்ப்பார். தொழில் என்ன, கோபம் வருமா, மாமியார் கூட இருக்கிறாரா என்று விசாரிப்பார். பிறகுதான் சாமி. அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்யும் ஒரு கிளார்க், எதற்கெடுத்தாலும் நாளைக்கு வா என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறவர், வேல் பிடித்துப் பாயும் முருகன் பாட்டுத்தான் வேண்டும் என்று நின்றார். அக்கா அவருக்கு ஆஞ்சநேயரைப் போட்டார். "சொன்ன வேலைய மலையோட தூக்கிட்டு வந்த சாமி. கொஞ்சமாவது வெக்கம் வரட்டும்."

மலர்ச்சாலைக்காரர் ஒருவர் வந்தார். சவப்பெட்டிக் கடை. அவருக்குப் பிடித்தது, விடிகாலையில் சாமியை எழுப்பும் பாட்டு. அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"ஐயா, ஒங்களுக்குப் போன் பண்ணுறவங்க வீட்டுல என்னா நடந்திருக்கும்?"

"சாவுதான்மா."

"அந்த வீட்டு ஆளு காதுல போயி எழும்பு எழும்புன்னு பாடச் சொல்றீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். அவருடைய கடையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். கடைசியில் ஒரு சிவன் பாட்டு, அதிகம் சத்தமில்லாதது, போட்டுக் கொடுத்தார்.

எல்லா வைத்தியருக்கும் ஒரு பிடிவாதம் இருக்கும். அக்காவின் பிடிவாதம், போட்ட பாட்டை மாற்ற மாட்டார். ஆட்டோ ஓட்டும் ஒருவருக்கு அம்மன் பாட்டு போட்டிருந்தார். அவர் குடிப்பார். கூப்பிடுகிறவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, வருகிறவர் திருநீறு பூசிக்கொண்டு வருவார் என்று காத்திருந்தால், இவர் வேறு வாசத்தோடு வந்து நின்றார். மானம் போகிறது, வேறு சினிமாப் பாட்டு எதையாவது போடுங்கள் என்று அக்காவிடம் வந்து கெஞ்சினார்.

"பாட்டு நல்லாத்தானே இருக்கு," என்றார் அக்கா. "ஆளுதான் சரியில்ல. நீங்க மாறிக்குங்க."

அவர் முழுதாக மாறிவிட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்ப மாட்டேன். செவ்வாயும் வெள்ளியும் குடிப்பதை விட்டார். அது அம்மனுக்கு. மற்ற நாட்களில் கூப்பிட்டவர்களிடம், "இன்னைக்கி சாமிக்கு லீவு," என்று சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

என் கதைக்கு வருகிறேன். முதலில் போட்ட சாமி எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பேசிய வீடுகளெல்லாம் போட்டோவைப் பார்த்துவிட்டு, பார்க்கிறோம் என்றார்கள். பார்த்ததுதானே பிரச்சினை. ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் அக்கா என் சாதகத்தை மறுபடியும் எடுத்து விரித்தார்.

"ஒங்களுக்கு ஏழரைச் சனி தம்பி. சாமியக் கொற சொல்லிப் பிரயோசனமில்ல. வேற பாட்டு போடணும்."

"போட்ட பாட்ட மாத்த மாட்டேன்னு சொல்லுவீங்களே."

"மருந்து புடிக்கலன்னா டாக்டரு மாத்துவாரு. நோயாளி மாத்தக் கூடாது. போன குடுங்க."

போட்டார். அதோடு நிற்காமல், தாடி வளர்க்கவும் சொன்னார். "மொகத்துல கொஞ்சம் முடி இருந்தா, தலையில இல்லாதத யாரும் தேட மாட்டாங்க." இரண்டையும் செய்தேன். தாடிக்கு உழைப்பே தேவையில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு சில மாற்றங்களைக் கவனித்தேன். எங்கள் ஏரியா மேனேஜர் ஒரு சிங்களவர். டார்கெட் பிடிக்காவிட்டால் போனிலேயே தோலை உரிப்பவர். அவர் ஒரு நாள் அரைகுறைத் தமிழில், "ஐயோ, ஒங்க போனுக்கு அடிச்சா கோயில்ல நிக்கிற மாதிரி. ஏச நெனச்சது எல்லாம் மறந்து போறது," என்றார். இன்னொரு நாள் கம்பளைக் கடைக்காரர் ஒருவர் எனக்கு மீன் கட்லட் கொடுக்க வந்த பையனைத் தடுத்து, வாழைப்பழம் கொண்டுவரச் சொன்னார். ஏன் என்று புரியவில்லை. என் வயிற்றைப் பற்றி ஊரெல்லாம் கவலைப்படுகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மடுல்கெல்லத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவாவது சொல்லியிருப்பார். அவருக்கோ மிஸ்ட் கோல் கொடுத்துத்தான் பழக்கம். ஒரு தடவை அடித்ததும் வெட்டிவிடுவார். எந்தச் சாமியும் அந்த நேரத்துக்குள் வாயைத் திறந்திருக்க முடியாது.

கார்த்திகை பிறந்து சில நாளில் கம்பளையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஹார்ட்வெயார் கடை முதலாளி. மகள் அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் சாதகம் அக்கா மூலம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தது.

"சாமி சரணம்," என்றார் எடுத்ததும்.

பெரிய மனிதர் சொல்கிறாரே என்று நானும், "சாமி சரணம்," என்றேன்.

"ரொம்ப சந்தோசமா இருக்குது சாமி. பாட்ட முழுசாக் கேட்டேன். நான் இருவது வருசத்துக்கு மேல மலைக்குப் போற குருசாமி. மால போட்டிருக்கிற புள்ளையப் பத்தி எங்க வீட்டுல ரெண்டாம் பேச்சு இல்ல. வெரதம் முடிஞ்சதும் மத்தத பேசுவோம். ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல பஜனை. கட்டாயம் வந்துடுங்க."

போனை வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்குள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. தாடி. மழைக்கு நான் போட்டுத் திரியும் கறுப்பு ஜாக்கெட். வாழைப்பழம். எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்குக் கேட்காமல் என் போனுக்குள் பாடிக்கொண்டிருந்த ஐயப்பன்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அக்காவிடம் போனேன். விஷயத்தைக் கேட்ட அக்கா, என் நம்பரை அழுத்தி, காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டார். எனக்கும் ஒரு தடவை கேட்கத் தாருங்கள் என்றேன்.

"வேணாம். அழுதுடுவீங்க. அவ்வளவு நல்ல பாட்டு." கண்ணைத் திறந்தார். "சனிக்கு ஐயப்பன்தான் மருந்துன்னு போட்டேன் தம்பி. ஐப்பசியில அது வெறும் பாட்டுத்தான். கார்த்திகை பொறந்தா அது மால போட்ட ஆளோட பாட்டாப் போயிடும்னு நான் யோசிக்கவேயில்ல. எத்தன வருசமா இந்த வேல செய்றேன். மாசம் மாறுறத மறந்துட்டேன்."

அவ்வளவு வாடிய முகத்தோடு நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்லக்கா. பாட்ட மாத்திடுங்க. நான் போன் பண்ணி உண்மையச் சொல்லிடுறேன்."

வாட்டம் உடனே போய்விட்டது. "பாட்ட மாத்துறதா? அவரு மறுபடி கூப்புட்டு, பாட்டு இல்லன்னா என்னா நெனப்பாரு? மாலையக் கழட்டி எறிஞ்சுட்டான்னுல்ல நெனப்பாரு. உண்மைய நாந்தான் சொல்லணும். பஜனைக்கு ரெண்டு பேரும் நேரத்தோட போவோம். நேர்ல சொல்லுவோம். அதுவரைக்கும் நீங்க பாட்டுக்குத் தக்கபடி இருங்க."

"எப்பிடி இருக்கணும்?"

"காலையில மாலையில தலைக்குக் குளிக்கணும். மச்சம் மாமிசம் கூடாது. வாயில கெட்ட வார்த்த வரக் கூடாது."

"அப்ப மாலையும் போட்டுடவா?"

"மால வெளையாட்டில்ல. குருசாமி கையால போடணும். ஒங்களுக்கு இப்ப வெரதம் மட்டும்."

மாலை இல்லாத விரதம் என்பது சம்பளம் இல்லாத வேலை போன்றது. கண்டிக் குளிரில், விடிகாலையில், வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரங்களில் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று பட்டதுண்டு. ஆனால் என்னைப் பற்றி ரெண்டாம் பேச்சு இல்லை என்று சொன்ன முதல் வீடு அது. அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டு முதல் செம்பை ஊற்றுவேன். அலறலில் கெட்ட வார்த்தை வராமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா தினமும் என்னைக் கூப்பிடுவார். நான் எடுத்தால் ஏசுவார். "ஒங்களோட பேச யாரு கூப்புட்டா? நான் பாட்டு கேக்கக் கூப்புட்டேன்." எடுக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். போன் மேசையில் கிடந்து நடுங்கும். என் சோற்றுக்கும் பருப்புக்கும் எதிரே, எனக்குக் கேட்காத ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் தெரியும்.

பஜனைக்கு முதல் நாள் அக்குறணைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு பலசரக்குக் கடைக்காரர், என் வயதுதான், நல்ல கூட்டாளி. எப்போதும் வேலை முடிந்ததும் இருவரும் பக்கத்து ஹோட்டலில் கொத்து ரொட்டி சாப்பிடுவோம். அன்றைக்கு நான் தேநீர் மட்டும் குடிக்கப் போனேன். கல்லின் மேல் கொத்துகிற சத்தம் இருக்கிறதே, அது காதில் விழுந்ததும் என் கால்கள் தாமாகவே உட்கார்ந்துவிட்டன. வாய் தானாகவே கோழிக் கொத்து சொல்லிவிட்டது. தட்டு வந்தது. கையை நீட்டிவிட்டேன். கைகழுவிவிட்டு வந்த கூட்டாளி தட்டை இழுத்தார்.

"மச்சான், ஒங்கட போனுக்கு அடிச்சா சாமி பாட்டு போகுது. தாடியும் விட்டு ஈக்கிறீங்க. நீங்க இப்ப நோன்புதானே."

"அது பெரிய கத மச்சான்."

"கத பொறகு செல்லுங்க. நான் நோன்பு புடிக்கிற நாளையில எனக்கு முன்னுக்கு நீங்க ஒரு பிளேன்டி குடிச்சி ஈக்கிறீங்களா? அப்ப நான் மட்டும் ஒங்கள திங்க உடுறதா? நல்ல நியாயம்."

தட்டை உள்ளே அனுப்பிவிட்டு இரண்டு பேருக்கும் வாழைப்பழம் வரவழைத்தார். அவரும் பழம்தான் தின்றார். அவருடைய பெருந்தன்மையை நான் மெச்சிக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். தட்டு போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு போய் உண்மையைச் சொல்வது என்ற திட்டத்தைப் பேராதனைச் சந்தியின் வாகன நெரிசல் கெடுத்தது. நாங்கள் கம்பளை வீட்டுக்குள் நுழைந்தபோது பஜனை தொடங்கிவிட்டது. கூடம் நிறையக் கறுப்பு வேட்டிகள். அக்காவைப் பெண்கள் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். என்னைக் கையைப் பிடித்து, குருசாமிக்கு நேர் எதிரே இருத்திவிட்டார்கள். அக்கா கண்ணாலே, பொறுங்கள், முடியட்டும் என்றார்.

முடியவில்லை. ஒவ்வொரு சாமியும் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். சுற்றி வந்து என்னிடம் நின்றது.

"சாமி, ஒங்க போன்ல போகுதே, அந்தப் பாட்டையே பாடுங்க," என்றார் குருசாமி. "அன்னையிலிருந்து எனக்கு அதுதான் காதுல நிக்குது."

கூடத்தில் இருந்த எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். உலகத்தில் எத்தனையோ பேருக்குத் தெரிந்த அந்தப் பாட்டு, என்னைக் கூப்பிட்ட ஒவ்வொருவருக்கும் தெரிந்த அந்தப் பாட்டு, எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தொண்டையைக் கனைத்தேன். மறுபடியும் கனைத்தேன். மூன்றாவது கனைப்பு எடுபடாது என்று எனக்கே தெரிந்தது.

அப்போது என் சட்டைப் பையில் போன் துடித்தது. பதற்றத்தில் எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க தம்பி," என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். தன் போனை லவுட் ஸ்பீக்கரில் போட்டு, தீபத் தட்டைப் பிடிப்பதுபோல இரு கையாலும் உயர்த்திப் பிடித்திருந்தார். அதிலிருந்து பாட்டு வந்தது. அப்படித்தான், என் பாட்டை நான் முதல் தடவையாகக் கேட்டேன். மெதுவாகத் தொடங்கி, படி ஏறுவதுபோல ஒவ்வொரு அடியாக ஏறும் ஒரு பாட்டு. பையில் என் போன் நடுங்க நடுங்க, கூடத்தில் அது பாடிக்கொண்டிருந்தது. பாதியில் லைன் தானாக வெட்டுப்பட்டது. ஆனால் அதற்குள் ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துவிட்டார். குருசாமி அடுத்த அடியை எடுத்தார், எல்லோரும் சேர்ந்தார்கள். நானும் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் எட்டிப் பிடித்துப் பாடினேன். அழுவேன் என்று அக்கா சொன்னது சரிதான். பயமும் ஒரு பங்கு.

பாட்டு முடிந்ததும் அக்கா உட்காரவில்லை.

"சாமி, மன்னிச்சுக்கணும். இந்தப் பாட்டப் போட்டது நான். சனிக்குன்னு ஐப்பசியில போட்டேன். கார்த்திகை வரும்னு யோசிக்கல. இந்தப் புள்ள மால போடல. அதோட போன்ல என்னா பாட்டு போகுதுன்னே அதுக்குத் தெரியாது. பேச்ச முறிக்கணும்னா என்னோட முறிங்க. புள்ளையோட வேணாம்."

குருசாமியின் முகம் இறுகிவிட்டது. என் கழுத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"மால இல்லன்னா, அன்னைக்கி நான் சாமி சரணம் சொன்னதும் ஏன் திருப்பிச் சொன்னீங்க?"

"பெரியவங்க சொன்னாங்கன்னு சொன்னேன். விஷயம் தெரிஞ்சதும் அக்காகிட்ட ஓடுனேன். அன்னையிலிருந்து வெரதம் இருக்கேன்."

"மால இல்லாம எதுக்கு வெரதம்?"

"வாசல்ல ஒரு பாட்டு பாடிக்கிட்டிருக்கு. உள்ள இருக்கிற ஆளு அதுக்குத் தக்கபடி இருக்கணும்னு அக்கா சொன்னாங்க."

"ஒழுங்கா இருந்தீங்களா?"

பொய் சொல்ல நல்ல இடம்தான். ஆனால் எதிரே பதினெட்டுப் படியும் படத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"நேத்து அக்குறணையில கோழிக் கொத்துக்குக் கைய நீட்டிட்டேன். கூட்டாளி தட்ட இழுத்துக்கிட்டாரு. நானா நிறுத்தல."

அடுக்களை வாசலில் ஒரு சிரிப்பு வெடித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு டீச்சர் நின்றிருந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட உயரம். அந்தச் சிரிப்பு கூடத்துக்குத் தொற்றியது. ஆர்மோனியக்காரர் சிரித்தார், தபேலாக்காரர் சிரித்தார், கடைசியில் குருசாமியும் தாடிக்குள்ளே சிரித்தார்.

"மாலையப் போட்டுக்கிட்டு மறைவாத் திங்கிறவங்கள நான் நெறையப் பாத்திருக்கேன்," என்றார். "மால இல்லாமப் பட்டினி கெடக்கிறவன இப்பத்தான் பாக்குறேன். நாளைக்கிக் காலையில கோயிலுக்கு வாங்க. நானே போட்டு விடுறேன். மலைக்கும் என்னோடயே வாங்க."

"அப்ப திரும்பி வந்ததும் மத்த விஷயம்?" என்றார் அக்கா.

"பாப்போம்."

அந்தச் சொல் எனக்குப் பழக்கமான சொல். எத்தனையோ வீடுகளில் கேட்டது. அக்காவுக்கும் அதன் அர்த்தம் தெரியும். பிரசாதம் கொடுக்க எழுந்தார்கள். அந்த நேரம் சுவரோரம் சார்ஜரில் கிடந்த குருசாமியின் போன் அடித்தது. வெளியே நின்று கூப்பிட்ட ஒருவர், உள்ளே வந்து, "வழி கேக்கத்தான் சாமி கோல் எடுத்தேன்," என்றார்.

அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்கு என்னா பாட்டு போச்சு?"

"பாட்டெல்லாம் இல்லம்மா. சும்மா ட்ரிங் ட்ரிங்னு அடிச்சிச்சு."

அக்கா குருசாமியைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். அவருக்கே கூச்சமாகிவிட்டது.

"எனக்கு அதெல்லாம் போடத் தெரியாதும்மா. நீங்களே ஒண்ணு போட்டு விடுங்களேன்."

"போடலாம் சாமி. ஆனா வெளி ஆளுங்களுக்கு நான் கடையில வச்சுத்தான் போடுவேன்," என்றார் அக்கா. "வீடு தேடி வந்து போடணும்னா சொந்தமா இருக்கணும்."

குருசாமி சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. திரும்பி மகளைப் பார்த்தார். கேள்வியை வாயால் கேட்கவில்லை. நான் கையில் இருந்த சுண்டலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எதையும் பார்க்கத் தைரியமில்லை.

டீச்சர் அடுக்களை வாசலை விட்டு வந்தாள். சுவரோரம் போய், சார்ஜரிலிருந்து அப்பாவின் போனைக் கழற்றினாள். முந்தானை நுனியால் திரையைத் துடைத்தாள். கொண்டுவந்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நல்ல பாட்டாப் பாத்துப் போடுங்கக்கா," என்றாள். "இனி அப்பாவக் கூப்புட்டுக் கேக்கப் போறது அவருதானே."